இந்தி சாரின் இங்கிலீஷ் வகுப்பு

பதவி உயர்வு பெற்று, பள்ளிகளைப் பார்வையிடப் போகிற நீங்கள் எல்லோரும் சேர்ந்து அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு நல்ல இங்கிலீஷ் ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நல்ல தலைமையாசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். நானும் ஓய்வு பெற்றவளுக்கு உரிய தோரணையோடு தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வயதாகிவிட்டது, மறந்து போயிருக்கும் என்று உங்களில் சிலர் பரிதாபமாகப் பார்த்தீர்கள். மறக்கவில்லை அம்மா, மறக்கவில்லை ஐயா. குழம்பிவிட்டேன்.

மோசமான ஆசிரியரை நான் வாசலிலிருந்தே சொல்லிவிடுவேன். பிரம்பு எங்கே இருக்கிறது, என்னைக் கண்டதும் எந்தப் பிள்ளையை அவசரமாக எழுப்புகிறார், இந்த இரண்டையும் பார்த்தால் போதும். நல்லவரைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வழியும் கடைசிவரை அகப்படவில்லை. அகப்பட்டுவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அதைச் சொல்கிறேன். அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பள்ளிகளில் இந்தியை எடுத்துவிட்ட பிறகு வந்த வருஷங்கள் அவை. ஆட்சி மாறியிருந்தது. எங்கள் தஞ்சாவூர் மாவட்டம் அப்போது கடற்கரை வரைக்கும் ஒன்றாகவே இருந்தது. அதன் கிழக்குக் கோடியில், நாகப்பட்டினம் பக்கத்தில், ஒவ்வொரு அறுவடைக்கும் கூலித் தகராறு வெடிக்கும். இந்தி நடத்தி வந்த ஆசிரியர்களின் நிலைமை பரிதாபமாக இருந்தது. ஆள் இருந்தார், வகுப்பு இல்லை. சிலரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். சிலரை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு அனுப்பினார்கள். சிலர் தாங்களாகவே ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

பள்ளிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்த என்னை ஒரு நாள் காலையில் எங்கள் மாவட்டக் கல்வி அதிகாரி கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. இரண்டும் ஒரே ஊரிலிருந்து, ஒரே ஆளைப் பற்றி வந்தவை. முதலாவதை எழுதியவர் அந்த ஊர் மிராசுதார். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். இங்கிலீஷ் தெரியாத ஓர் இந்தி வாத்தியாரை ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்த விட்டிருக்கிறார்கள், வகுப்பு சந்தைக்கடையாகக் கிடக்கிறது, என் மகளும் அதில்தான் படிக்கிறாள், அந்த ஆளை உடனே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டாவதை எழுதியவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. மாவட்டத்தின் சிறந்த இங்கிலீஷ் ஆசிரியருக்கான பாராட்டுக்கு அதே இந்தி வாத்தியாரைப் பரிந்துரைத்திருந்தார்.

எங்கள் அதிகாரி கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் புத்தி சரியில்ல. யாருன்னு போய்ப் பாத்துட்டு வா. ஒண்ணு அந்த ஆளுக்கு மாலை போடணும், இல்லன்னா குமாஸ்தா வேலைக்கு அனுப்பணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிடு."

குமாஸ்தா வேலை என்றால் பக்கத்து ஊரில் அல்ல. பேராவூரணி பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த ஆசிரியருக்கு நாலாவது பிரசவத்துக்குக் காத்திருக்கிற மனைவியும் படுத்த படுக்கையாக ஒரு தகப்பனாரும் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரியாமல் போனதே நல்லது. தெரிந்திருந்தால் இன்னும் குழம்பியிருப்பேன்.

தை மாதம். சம்பா அறுவடை. பஸ் அந்த ஊருக்கு முந்தைய ஊரோடு நின்றுவிட்டது. "அதுக்கு மேல போகாதும்மா, தகராறு" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். வாய்க்கால் கரையோடு நடந்தேன். ஒரு பக்கம் தலை சாய்ந்த கதிர்கள், வரப்பில் செங்கொடிகள். கூடுதலாக நெல் கேட்டு உள்ளூர்க் கூலிக்காரர்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பது என்று முடிவெடுத்திருந்தார். அதற்குக் காவல் வேண்டுமென்று போலீசையும் வரவழைத்திருந்தார். இதெல்லாம் வழியில் எதிர்ப்பட்டவர்கள் சொன்னது. எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கையில் பை வைத்துக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்து வருகிற பெண் எந்தக் கட்சி என்று அவர்களுக்கும் விளங்கவில்லை.

பள்ளியின் சுற்றுச்சுவரில் தாரால் பெரிய எழுத்தில் 'இந்தி ஒழிக' என்று எழுதியிருந்தது. பழைய எழுத்து, மழையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதன் பக்கத்து வாசல் வழியாக ஒடிசலான ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எதிரே வந்த பிள்ளைகள் ஒரே குரலில் "வணக்கம் இந்தி சார்" என்றார்கள். அவரும் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சுவரையும் அவரையும் பார்த்தபடி நின்றுவிட்டேன். அன்றைய குழப்பம் அங்கே தொடங்கியது.

அடுத்த குழப்பம் வகுப்பறைகளில் இருந்தது. சாலையைப் பார்த்தபடி நீள வராந்தாவும் வரிசையாக அறைகளும். தகராறில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, ஆசிரியர்களிலும் பலர் பஸ் இல்லாமல் வரவில்லை. இருக்கிறவர்களை ஒன்றிரண்டு அறையில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் அந்தப் பள்ளியில் எல்லா அறைகளும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கையளவு பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு ஒன்றே மூன்று அறைகளில் சிதறிக் கிடந்தது. நிர்வாகம் தெரியாத தலைமையாசிரியை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

வகுப்பை நடத்துகிறவர் எந்த அறையிலும் இல்லை. இந்தி சார் வராந்தாவில், நடு அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் அறையிலிருந்து ஒரு பெண் கத்திக் கேட்டாள்: "ஈஸ் தேர் எ கவ் இன் யுவர் ஹவுஸ்?"

மூன்றாவது அறையிலிருந்து பதில் வந்தது: "நோ! தேர் ஈஸ் நோ கவ் இன் மை ஹவுஸ்!"

"அப்புறம்?" என்றார் இந்தி சார்.

"தேர் ஈஸ் கவ் இன் கமலா ஹவுஸ்! மெனி கவ்!"

இதுதான் அவர் வகுப்பின் சட்டம் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. யாரும் 'நோ' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. இல்லை என்றால், எங்கே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி ஓர் அறையிலிருந்து வரும், பதில் இன்னோர் அறையிலிருந்து. நடுவில் சுவர். முகம் தெரியாது. சத்தமாகவும் தெளிவாகவும் சொன்னால்தான் அடுத்த அறைக்குக் கேட்கும், புரியாவிட்டால் அவர்கள் "வாட்?" என்று திருப்பிக் கத்துவார்கள். மிராசுதார் சந்தைக்கடை என்று எழுதியது பொய்யில்லை. மீன் சந்தை தோற்றுப் போகும்.

அந்த வாரப் பாடம் வீடு. ஒரு பையன் தன் வீட்டுக்கு ஒரு கதவு உண்டு, ஜன்னல் கிடையாது, ஜன்னல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றான். ஒரு பெண் தன் வீட்டில் விளக்கு இல்லை, விளக்கு கோயிலில் இருக்கிறது என்றாள். கமலா என்பது மிராசுதாரின் மகள். அவளுக்குத்தான் கஷ்டம். எதைக் கேட்டாலும் அவள் வீட்டில் இருந்தது, அதனால் 'யெஸ்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வாய்ப்பில்லாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

என் முன்னாலேயே ஒரு பையன் ஏதோ ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டான். இந்தி சார் யோசித்துவிட்டு, "தெரியலப்பா. நாளைக்குப் பாத்துட்டு வரேன், நீயும் பாத்துட்டு வா, யாரு மொதல்லன்னு பாப்போம்" என்றார். பார்வையிட வந்தவளை வைத்துக்கொண்டு தெரியலை என்று சொன்ன ஆசிரியரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரிடம் பயமும் இல்லை, திமிரும் இல்லை. தாகமாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னேன். எழுதினார்கள். தப்பு என்றால் சாதாரணத் தப்பா? எனக்குத் தலை சுற்றியது. அவருடைய உச்சரிப்பும் அப்படித்தான், எல்லாச் சொல்லும் காசிக்குப் போய் வந்தது போல ஒலித்தது. ஆனால் ஒரு பிள்ளைகூடத் தாளை வெறுமையாகத் திருப்பித் தரவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பத்தாம் வகுப்பிலும், அப்போது பதினோராம் வகுப்பாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி.யிலும் இங்கிலீஷ் நடத்துகிற எம்.ஏ. படித்த ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. அழகான கையெழுத்து, சுத்தமான உச்சரிப்பு, பிள்ளைகளிடம் மரியாதை. பரீட்சையில் அவர் பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். நீங்கள் நினைப்பது போல அவர் ஒன்றும் பொம்மை இல்லை. உண்மையிலேயே நல்ல ஆசிரியர். வகுப்பு முடிந்ததும் இந்தி சாரைப் பற்றிக் கேட்டேன்.

"மேடம், அவர் சொல்லித் தர்ற தப்பை எல்லாம் திருத்தவே எனக்கு ஒரு வருஷம் போயிடுது."

"அப்ப அவரை மாத்திடலாம்ங்கிறீங்களா?"

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டினார். பிறகு, "திருத்தணும்னா ஏதாவது பேசணுமே மேடம். முன்னாடியெல்லாம் எங்கிட்ட வர்ற பிள்ளைங்க வாயையே தொறக்காதுங்க. சுத்தமா இருக்கும், தப்பே இருக்காது" என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டவர் போல வேகமாகப் போய்விட்டார்.

தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய டீச்சர்'. குள்ளமான, அதிகம் பேசாத மனுஷி. நேரடியாகக் கேட்டேன்.

"இத்தனை பேர் இருக்க, இந்தி வாத்தியாரை எதுக்கு இங்கிலீஷுக்குப் போட்டீங்க?"

"இங்க இருக்கற வாத்தியாருங்கள்ல, வளந்து ஆளானப்பறம் தெரியாத ஒரு பாஷையை உக்காந்து கத்துக்கிட்டவர் அவர் ஒருத்தர்தான் மேடம். மளிகைக் கடையில வேலை பாத்துக்கிட்டே பரீட்சை பரீட்சையா எழுதினவரு. எந்த எடத்துல வெக்கமா இருக்கும், எந்த எடத்துல நாக்கு நின்னுடும்னு அவருக்குத் தெரியும். நம்ம எம்.ஏ. சாருக்கு இங்கிலீஷ் எங்கயுமே நிக்கல. பிள்ளைங்க ஏன் நிக்கிதுன்னு அவருக்குப் புரியாது."

"சரி, இத்தனை அறையில எதுக்கு இப்படிப் பிரிச்சு உக்கார வச்சிருக்கீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளம் வந்தாலும் தேர்தல் வந்தாலும் போலீஸ் வந்தாலும் முதலில் கேட்பது பள்ளிக்கூடத்துச் சாவியைத்தான். ஒருமுறை கொடுத்துவிட்டால் எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, மிராசுதார் வரவழைத்த போலீஸ் பள்ளியில் தங்கிவிட்டால், கூலிக்காரர்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் அந்த வாசலை மிதிக்காது. ஜீப்பிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும்தான் அறைக் கணக்கு எனக்கு விளங்கியது. பிள்ளை உட்கார்ந்திருக்கிற அறையைக் காலி என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய டீச்சர் வந்திருந்த பிள்ளைகளை விதைநெல் மாதிரி அறைக்குக் கொஞ்சமாகத் தூவி வைத்திருந்தார்.

முன்னால் வந்தவர் மிராசுதார், வெள்ளை வேட்டி, கம்பீரம். பின்னால் ரிசர்வ் போலீஸ் அதிகாரி, வடக்கத்திக்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஜீப்பைப் பார்த்துவிட்டுக் கூலிக்காரர்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்கள், பெண்கள், சிலர் கையில் அரிவாளோடு. அறுவடைக் காலத்தில் கையில் அரிவாள் இருப்பது சாதாரணம்தான். ஆனால் அன்றைக்கு எதுவும் சாதாரணமாகத் தெரியவில்லை.

"ரெண்டு ரூம் காலி பண்ணிக் குடுங்க டீச்சர்" என்றார் மிராசுதார்.

"எல்லா ரூம்லயும் கிளாஸ் நடக்குதுங்க" என்றார் பெரிய டீச்சர்.

"கிளாஸா இது? ரூமுக்கு நாலு பேரு. யாரை ஏமாத்தறீங்க?" என்றவர் என்னைப் பார்த்தார். "நல்லவேளை, மேலதிகாரியே இங்க இருக்காங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேட்டுத்தானே ஆகணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசல் கூட்டமும் பார்த்தது. கலெக்டர் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். சாயங்காலம் வந்துவிடும் என்றார். வராத உத்தரவை நம்பி அறையைக் கொடுத்தால் தப்பு. வருகிற உத்தரவை எதிர்த்து மறுத்தாலும் தப்பு. இங்கிலீஷ் வகுப்பைப் பார்க்க வந்தவள் நான். எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்று நொந்துகொண்டு நின்றேன். பயமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

என்னால் பயனில்லை என்று மிராசுதாருக்குத் தெரிந்துவிட்டது. வராந்தாவில் நின்றிருந்த இந்தி சார் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க வாங்க. இவரு பாஷை உங்களுக்குத்தான் தெரியும். நெலமையைச் சொல்லுங்க. உங்களுக்கும் நல்லது."

கடைசிச் சொற்களை மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. புகார் கொடுத்தவர், அதைத் திரும்ப வாங்கத் தயார் என்கிறார். எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. பேசிவிடுங்கள் சார், உங்கள் வேலையும் பிழைக்கும், எங்கள் தலைவலியும் தீரும் என்று நினைத்தேன். பல காலமாக யாரோடும் பேச வழியில்லாமல் உள்ளே கிடந்த பாஷை. பேச ஆள் வந்து எதிரே நிற்கிறது. அதிகாரியும் ஆவலோடு இந்தியில் ஏதோ கேட்டார்.

இந்தி சார் கையிலிருந்த சாக்பீஸை ஜன்னல் கட்டையில் வைத்தார். வாசல் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் இங்கிலீஷில், "சார், ப்ளீஸ் ஆஸ்க் தி கிளாஸ்" என்றார். அவ்வளவுதான்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அந்த மனிதர் நல்லவர், வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். வராந்தாவில் ஏறி நின்று, பரேடு மைதானத்துக் குரலில் கேட்டார்: "விச் ரூம் ஈஸ் எம்ப்டி?"

அப்புறம் முதல் அறையிலிருந்து ஒரு குரல்: "நோ எம்ப்டி ரூம் ஹியர் சார்!" அடுத்த அறையிலிருந்து: "ஹியர் ஆல்ஸோ நோ சார்!" பத்தாம் வகுப்பு அறையிலிருந்துகூட, சுத்தமான உச்சரிப்பில், "தேர் ஈஸ் நோ எம்ப்டி ரூம், சார்!" என்று வந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். அதோடு விஷயம் முடிந்தது, மிராசுதார் இனி கத்தத் தொடங்குவார் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வகுப்பில் 'நோ' என்று சொல்லிவிட்டு உட்கார முடியாதே. எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். மூன்றாவது அறையிலிருந்து, வாரம் பூராவும் 'யெஸ்' சொல்லியே அலுத்துப் போயிருந்த கமலாவின் குரல் கணீரென்று வந்தது.

"தேர் ஈஸ் எம்ப்டி ரூம் இன் மை ஹவுஸ் சார்! அப்ஸ்டேர்ஸ்! மெனி ரூம்! நோபடி!"

வாசல் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் மெல்ல அர்த்தம் சொன்னார்கள். ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி மிராசுதாரைப் பார்த்து, "யுவர் ஹவுஸ்?" என்றார். மிராசுதாரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால், தன் மகள் சொன்னது பொய் என்று சொல்ல அவரால் முடியவில்லை. "யெஸ்" என்றார். ஜீப் அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கூட்டம் கலைந்த பிறகு இந்தி சாரிடம் போனேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"ரெண்டு வார்த்தை இந்தியில பேசியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே சார்?"

"முடிஞ்சிருக்கும்மா. ஆனா நாங்க ரெண்டு பேரு என்ன பேசிக்கிட்டோம்னு வாசல்ல நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? போலீஸ் இங்க தங்கினா நான் அவங்களை வித்துட்டேன்னு அவங்க சொல்லுவாங்க. தங்காட்டி நான் கவுத்துட்டேன்னு மிராசு சொல்லுவாரு. இங்கிலீஷ்னா ரெண்டு தெருப் பிள்ளைங்களுக்கும் பாதியாவது புரியும். அதுங்க வீட்ல போய்ச் சொல்லிடும்."

"கமலா அப்படிச் சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னைத் திகைத்துப் பார்த்தார். "ஐயோ, இல்லம்மா. எனக்கே பகீர்னு ஆயிடுச்சு."

அவர் சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன். பெரிய டீச்சரிடம் கேட்டதற்கு, "பிள்ளைங்க சொன்னதுக்கு நாம என்ன மேடம் பண்றது" என்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கமலா பாடத்தை ஒப்பித்தாளா, அப்பாவை மாட்டிவிட்டாளா? அதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அந்த வாரக் கடைசியில் அலுவலகத்தில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்து, "என்னம்மா, மாலையா, குமாஸ்தாவா?" என்று கேட்டுவிட்டார். மாலை என்று எழுதினால் அந்தத் தப்பும் தவறுமான தாள்களை எங்கே ஒளிப்பது? குமாஸ்தா என்று எழுதினால் அந்த வராந்தாவை எங்கே ஒளிப்பது? மாலையை யாருக்குப் போடுவது என்றே தெரியவில்லை. வாயைத் திறக்க வைத்தவருக்கா, திருத்தியவருக்கா, இவர் முதலில் அவர் அப்புறம் என்று வரிசை போட்டவருக்கா? எனக்கு அழுகை வராத குறை.

அப்போது மிராசுதாரே உள்ளே வந்தார். இன்னொரு புகார் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூலி பேசி முடிச்சாச்சும்மா. கேட்டதுல பாதி குடுத்தாச்சு. மாடியில போலீசுக்கு வடிச்சுக் கொட்டி முடியல, அதுக்கு இது தேவல."

"சந்தோஷம் ஐயா."

"சந்தோஷமா? என் பொண்ணு என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டா. ஊரெல்லாம் 'அப்ஸ்டேர்ஸ், அப்ஸ்டேர்ஸ்'னு பேசிக்கிறானுங்க." குரல் உயர்ந்தது. பிறகு மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து உருட்டினார். "நான் கும்பகோணத்துல காலேஜ்ல படிச்சவன்மா. அன்னிக்கு அந்த ஆபீசர் ஜீப்ல வழி பூரா இங்கிலீஷ்ல ஏதோ கேட்டுக்கிட்டே வந்தான். யெஸ், யெஸ்னு சொல்லிக்கிட்டே வந்தேன். பாதி புரியல. அவ ஒரே தடவை கத்தினா. அவனுக்குப் புரிஞ்சுடுச்சு."

வெள்ளைத் தாளை நான் ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"வீட்டுக்காரி கேக்கறா, உங்களுக்குக் கோவமா சந்தோஷமான்னு. தெரியலம்மா. நெசமாவே தெரியல." பேப்பர் வெயிட்டை வைத்தார். "அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"முத்திரை விழுந்துடுச்சு ஐயா. திருப்பிக் குடுக்க முடியாது."

"அப்ப அதுக்குக் கீழயே எழுதுங்க. அந்த ஆளு அங்கயே இருக்கட்டும். எனக்கு இன்னொரு சின்னப் பொண்ணு இருக்கா, அவளும் அங்கதான் படிக்கணும்."

அவர் போன பிறகு எழுதினேன். இந்த ஆசிரியரின் இங்கிலீஷில் பிழைகள் உண்டு. மாணவர்களின் இங்கிலீஷிலும் உண்டு. மாணவர்கள் சொல்வது கேட்பவருக்குப் புரிகிறது. இவரை மாற்ற வேண்டாம் என்று புகார் கொடுத்தவரே கேட்டுக்கொள்கிறார். பாராட்டைப் பற்றி முடிவு செய்ய எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "என்னம்மா இது? ஒண்ணும் புரியலயே" என்றார்.

"எனக்கும்தான் சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். இந்தி சார் அங்கேயே இருந்தார்.